மூடிய அறையில் அடித்த நான்கு வரிகள்

மூன்று வாரத்துக்கு முன்னால் ரேவதி போன் செய்தாள். ஓய்வு பெறுவதற்கு முன் நான் வேறு பிரிவுக்கு மாறியபோது என் நாற்காலிக்கு வந்த நீதிமன்றத் தட்டச்சர் அவள். வேலையில் கெட்டி, கேள்வி கேட்பதில் அதைவிடக் கெட்டி.

“அக்கா, இனிமே நாங்க அடிக்கவே வேணாமாம். ஜட்ஜ் ஐயா பேசப் பேச கம்ப்யூட்டரே எழுதிக்குமாம். நேத்து ட்ரெயினிங் குடுத்தாங்க.”

“நல்லதுதானே, விரலுக்கு ஓய்வு” என்றேன்.

“எழுதுறது சரிதாங்கக்கா. ஸ்க்ரீன்ல எந்தப் பெட்டியில எழுதும்னு கேட்டேன். எது முன்னால திறந்திருக்கோ அதுலன்னாரு. நடுவுல வேற பெட்டி முன்னால வந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நீங்க அந்த விஷயத்தை எழுதிக் குடுங்கக்கா. நான் சொன்னா கதை விடுறான்னு நெனைக்கிறாங்க.”

அந்த விஷயம் என்றால் எங்கள் இருவருக்கும் எது என்று தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். ஆனால் அவர்கள் சிரித்தார்கள் என்று அவள் சொன்னது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சிரித்தவர்கள் மேல் கோபமில்லை. நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் மாறி மாறி வேலை பார்த்தேன். இது எந்த ஊர் நீதிமன்றத்தில் நடந்தது என்று எழுத மாட்டேன். எந்த வருஷம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் பெயர், ஊர், அவள் அப்பா செய்த தொழில் எதையும் எழுத மாட்டேன். பொய்ப்பெயர் ஒன்று வைக்கலாம் என்று சொல்வார்கள். அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் என்றே எழுதுகிறேன்.

என் கதையில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். உடையார்பாளையம் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் முடித்ததும் ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறிப் போய்த் தட்டச்சு கற்றேன். எங்கள் வாத்தியார் விசைகளுக்கு மேலே ஓர் அட்டையைச் செருகிவிடுவார். கை அட்டைக்குக் கீழே, கண் தாளில். அட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்கேலால் விரலில் ஒன்று விழும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் உயர்நிலை தேறினேன். தேர்வாணையப் பரீட்சை எழுதினேன், நீதிமன்றத்தில் போட்டார்கள். என்ன அடிக்கிறோம் என்பதைப் பார்க்காமல் அடிப்பதுதான் திறமை என்று கற்றுக்கொண்டு வந்தவள் நான். அந்தத் திறமையை வைத்துத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் சோறு சாப்பிட்டேன்.

தட்டச்சு இயந்திரத்தில் அது சரிதான். இயந்திரத்தில் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் எழுத்து அந்தத் தாளில்தான் விழும், பக்கத்து மேஜைத் தாளில் விழாது. கம்ப்யூட்டர் வந்தபோது எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். எப்படித் திறப்பது, எப்படிச் சேமிப்பது, எப்படி அச்சடிப்பது எல்லாம் சொன்னார்கள். இதற்குள் பல தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், எது மேலே வருகிறதோ அதில்தான் எழுத்து விழும் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஒரு தடவை எச்சரிக்கை வந்தது. காலையில் வழக்குப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தேன். வழக்குகளைப் பதிவு செய்யும் இன்னொரு பெட்டி, என் கடவுச்சொல்லைக் கேட்டு முன்னால் வந்து நின்றது. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே கடவுச்சொல்லை அடித்தேன். முதல் எழுத்துக்கு முன்பே பட்டியல் மறுபடி மேலே வந்துவிட்டது. கடவுச்சொல் முழுவதும் பட்டியலின் தலைப்பில் விழுந்தது. பார்க்காமலே அச்சடித்தேன், நீதிமன்றச் சேவகரான டபேதார் கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். நீதிமன்றத்தின் பெயருக்குக் கீழே என் வீட்டுக்காரரை நான் கூப்பிடும் செல்லப் பெயரும் எங்கள் கல்யாண வருஷமும் மதியம் வரை தொங்கின.

பெஞ்ச் கிளார்க் சந்தானம் சார், அதாவது வழக்குக் கட்டுகளை எடுத்து நீதிபதி முன்னால் வைக்கிறவர், அதைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

“மல்லிகாம்மா, இந்தப் பேர்ல எந்த வழக்குமே நம்மகிட்ட இல்லையே. வாதியா, எதிரியா?”

வக்கீல்கள் ஒரு மாதம் என்னை ஓட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், அதோடு விட்டுவிட்டேன். விழுந்தது என் கடவுச்சொல் ஆனதால் அது சிரிப்பாகப் போயிற்று. வேறொருவருடையது விழுந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

இனி எங்கள் நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஐயா என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மெலிந்த மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அப்போது வக்கீல்கள் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். சாட்சி சொல்வதைக் கேட்டு, அதை ஒழுங்கான வாக்கியமாக்கி எனக்குச் சொல்வார். முற்றுப்புள்ளி என்று வாயால் சொல்ல மாட்டார். பேனா மூடியால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார், அது முற்றுப்புள்ளி. இரண்டு தட்டினால் அடுத்த வரி. சாட்சி அழும்போது இடையில் புள்ளி, வரி என்று கட்டளை போட்டால் அது அவர்களை அவமதிப்பதாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். நான் அந்தத் தட்டுக்குப் பழகிவிட்டேன். ஒரு தட்டுக்கு ஒரு விரல், இரண்டு தட்டுக்கு என்டர். காதும் விரலும் போதும், கண்ணுக்கு வேலையில்லை.

பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது சட்டம். அதை அவர் அட்சரம் பிசகாமல் செய்வார். விசாரணையை மூடிய அறையில் நடத்துவார். டபேதார் கதவைச் சாத்தி வெளியே நிற்பார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஒரு தடுப்புக்குப் பின்னால் இருப்பான். முதலில் பெயர், அப்பா பெயர், வயது, ஊர், தெரு, இவை மட்டும் ஒரு தனித்தாளில். அந்தத் தாளைச் சேமிக்கக் கூடாது. ஒரே ஒரு பிரதி அச்சடித்து, அவர் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, என் கண் முன்னாலேயே அரக்கு முத்திரை வைப்பார். அதன் பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தாளை மூடியாயிற்றா என்று கேட்பார். மூடியாயிற்று ஐயா என்று நான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிறகுதான் சாட்சியம் தொடங்கும். அதில் அரசு தரப்பு முதல் சாட்சி என்று மட்டும்தான் இருக்கும்.

இவ்வளவு கவனமான மனிதரின் அறையில்தான் அது நடந்தது.

அந்தப் பெண் வந்த அன்று நான் முதலில் அவளைப் பார்த்தது சாட்சிகள் உட்காரும் அறையில். இருபத்திரண்டு வயது இருக்கும். கூட அப்பா வந்திருந்தார். அவளுக்கு நடந்தது அவர்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊரில் யாருக்கும் தெரியாது. வேலை விஷயமாக டவுனுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பெயர் வெளியே வராது என்று அரசு வழக்கறிஞர் அம்மா உறுதி கொடுத்த பிறகுதான் அவள் சாட்சி சொல்லச் சம்மதித்தாள் என்று அந்த வழக்கறிஞரே என்னிடம் சொன்னார். நான் அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

“உள்ள எத்தினி பேரு இருப்பாங்கக்கா?” என்று கேட்டாள்.

“ஏழெட்டுப் பேருதான்டா. கதவைச் சாத்திடுவாங்க. நீ யாரையும் பாக்க வேணாம், என்னைப் பாத்துப் பேசு. நான் அங்கதான் உக்காந்துருப்பேன்” என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தட்டச்சர் சாட்சியிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை. பாவமாக இருந்தது, சொன்னேன்.

என் மேஜையில் அன்றைக்கு என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ரேவதிக்கு வேண்டியது அதுதான். கொரோனா சமயத்தில் நீதிமன்ற வளாகத்துக்குள் யாரும் வர முடியாமல் போனபோது, தினசரி வழக்குப் பட்டியலை வக்கீல்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கியது. கொரோனா போனது, வழக்கம் போகவில்லை. காலையில் பட்டியலை என் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்புவேன். ஒவ்வொரு நாளும் போனைக் காட்டித் திறப்பது தொல்லை என்று அந்தப் பெட்டியை மூடாமல் பின்னால் திறந்தே வைத்திருப்பேன். புதுச் செய்தி வந்தால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னச் சீட்டு எட்டிப் பார்க்கும், நான்கைந்து விநாடியில் தானே மறையும். நான் அதைக் கண்டுகொள்வதில்லை. அப்புறம் மவுஸ். தட்டச்சர்களுக்கு மவுஸ் ஒரு இடைஞ்சல். மேஜையின் மூலைக்குத் தள்ளிவிடுவேன். தள்ளும்போது திரையில் அம்புக்குறியும் வலது மேல் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறவள் செய்கிற தப்பு இது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிற புது ஆளாக இருந்தால் மவுஸைக் கையிலேயே வைத்திருப்பார், திரையையும் பார்ப்பார்.

கதவைச் சாத்தினார்கள். அந்தப் பெண் கூண்டுக்கு வரவில்லை. ஐயா அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தார், எனக்கு நேர் எதிரே. சந்தானம் சார் அந்த வழக்கின் கட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலிருந்த வேறு கட்டுகளை வழக்கம்போல் என் மேஜையின் மூலையில் இறக்கினார். மவுஸின் மேல். அந்த விநாடியில் குழுவில் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள், சீட்டு எட்டிப் பார்த்திருக்கிறது, அம்புக்குறி அதன் மேலேயே இருந்திருக்கிறது. கட்டின் கனம் மவுஸை அழுத்தியது. குழுவின் பெட்டி முன்னால் வந்து, எழுதும் கட்டத்தில் தயாராக நின்றது. சத்தம் எதுவும் வரவில்லை. நான் அதற்கு முன்பே தனித்தாளைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பெயர் சொல்லும்மா” என்றார் ஐயா.

சொன்னாள். ஐயா அதைத் திரும்பச் சொன்னார். இரண்டு தட்டு. நான் என்டர் அடித்தேன்.

அப்பா பெயர். இரண்டு தட்டு.

வயது, வேலை. இரண்டு தட்டு.

தெரு, ஊர், வட்டம். இதைச் சொல்லும்போது அவள் தயங்கினாள். நான் தலையசைத்தேன், சொல்லு என்பதுபோல. சொன்னாள். இரண்டு தட்டு.

அச்சடிக்கத் திரையைப் பார்த்தேன். தாளைக் காணோம். பச்சை நிறத்தில் நான்கு வரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, குழுவில் நின்றன. அந்தப் பெட்டியில் என்டர் என்றால் அனுப்பு. நூறு பேருக்கு மேல் இருக்கிற குழு. வக்கீல்கள், ஜூனியர்கள், அவர்களுடைய குமாஸ்தாக்கள், எதிரிக்காக ஆஜரானவரின் ஆபீஸ் ஆட்கள், எல்லாரும். பழைய எழுத்துரு இருந்த காலமாக இருந்தால் அங்கே கிறுக்கலாகத்தான் போயிருக்கும், யாருக்கும் புரிந்திருக்காது. எங்கேயும் படிக்க முடிகிற யூனிகோட் வந்துவிட்டதால் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் தெளிவாகப் போயிருந்தது. நான் பிழை விடாமல் அடிப்பேன் என்று பெயர் வாங்கியவள். கீழே ஒருவர் கேள்விக்குறி போட்டிருந்தார். இன்னொருவர், மேடம் தவறான குழு என்று எழுதியிருந்தார்.

எல்லாருக்கும் நீக்கு என்பதை நான்கு தடவை அழுத்தினேன். அதற்காக மவுஸைக் கட்டுக்கு அடியிலிருந்து இழுத்தபோது கட்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. அந்தச் சத்தத்தில்தான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மேடையருகே போய் ஐயாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எதிரியைக் கொஞ்ச நேரம் வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் குழுவுக்கு ஓர் உத்தரவு சொன்னார். அந்தச் செய்தியை வைத்திருப்பதும் பிறருக்கு அனுப்புவதும் குற்றம், உடனே அழிக்க வேண்டும் என்று. அதையும் நான்தான் அடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் திரையைப் பார்த்து. பிறகு அரசு வழக்கறிஞர் அம்மா மேடையருகே வந்து, இப்போது அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம், சாட்சியம் முடியட்டும் என்றார். ஐயாவின் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது.

“இல்லம்மா. இதை அவகிட்ட நாமதான் சொல்லணும். நாளைக்கு வேற யாரோ சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது” என்றார்.

அவரே மேடையை விட்டு இறங்கி வந்தார். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நீதிபதி விசாரணை நடுவில் இறங்கி வந்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். அவள் எதிரே நின்று, நடந்ததைச் சொன்னார். தப்பு எங்களுடையது என்று சொன்னார். யார் என்று சொல்லவில்லை. அவள் அழவில்லை.

“எங்க ஊருக்குப் போயிருக்குமா சார்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இருந்த ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் படித்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று நான் இருந்தேன்.

வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஐயா கேட்டார். “வேணாங்க. வந்தது வந்துட்டேன். சொல்லிட்டே போயிடுறேன்” என்றாள். இரண்டு மணி நேரம் சாட்சியம் சொன்னாள். ஒரு இடத்தில்கூட முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லவில்லை. நான் அடித்த சாட்சியங்களிலேயே அவ்வளவு தெளிவான சாட்சியம் வேறு இல்லை. குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள்.

மறுநாள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து கம்ப்யூட்டர் பிரிவு அலுவலர் வந்தார். இளங்கோ என்று பெயர், அரும்பாவூர்க்காரர், பொறுமைசாலி. என் நாற்காலியில் உட்கார்ந்து, குழுவில் செய்தி வரும் நேரத்தில் வழக்குக் கட்டு ஒன்றை மவுஸின் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டாவது தடவையே அதேபோல் பெட்டி முன்னால் வந்தது.

“மேடம், இதுக்கு நீங்க என்ன அடிக்கிறீங்க, எதுக்கு அடிக்கிறீங்கன்னு ஒன்னும் தெரியாது. ஒரு நேரத்துல ஒரு பெட்டிக்குத்தான் காது இருக்கும். எது முன்னால நிக்குதோ அதுக்கு. ரகசியத் தாளுன்னு நீங்க மனசுல நெனைச்சுக்கிட்டு அடிச்சா, அது அந்தத் தாளுக்குப் போவாது” என்றார்.

“அப்ப தப்பு மெஷின் மேலயா?” என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்ற ஆசையில்தான் கேட்டேன்.

அவர் வழக்குக் கட்டை மவுஸின் மேலிருந்து எடுத்தார். “ரெண்டையும் ஒரே மெஷின்ல வெச்சிருந்திருக்கக் கூடாது மேடம். நூறு பேரு காதுல விழுற பெட்டியும், யாரு காதுலயும் விழக்கூடாத பெட்டியும் ஒரே மேஜையில இருந்தா என்னைக்காச்சும் மாறத்தான் செய்யும்” என்றார்.

ஐயா அன்று மாலையே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இணையக் கம்பியைத் தன் கையால் பிடுங்கினார். சாட்சியம் இனி அதில் மட்டும்தான். தட்டச்சர் திரையைப் பார்த்தே அடிக்க வேண்டும், ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். எனக்குக் குறிப்பாணை, அதாவது மெமோ, வந்தது. விளக்கம் எழுதினேன். விசாரணையில் பெரும்பகுதி தொழில்நுட்பக் கோளாறு என்று முடித்து, சின்னத் தண்டனையாகக் கொடுத்து, நகல் பிரிவுக்கு மாற்றினார்கள். மெமோவைக் கையில் கொடுத்தபோது ஐயா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “நான் தட்டினேன், நீங்க அடிச்சீங்க மல்லிகா. ஒரு தட்டுக்கு ஒரு தடவையாவது நான் உங்க திரையைப் பாத்திருக்கணும்.” அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்கு வரிகள் அந்தக் குழுவில் இருந்தது ஒன்றரை நிமிஷமோ என்னவோ. அதற்குள் யாரோ ஒருவர் திரையைப் படம் பிடித்திருக்கிறார். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. போலீஸ் சில போன்களை வாங்கிப் பார்த்தது. ஒரு வாரத்தில் அந்தப் படம் அவள் ஊர்க் குழுவில் இருந்தது. அவளைப் பற்றி ஊர் பேசியதை நான் எழுதப் போவதில்லை. எதிரியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதை மட்டும் எழுதுகிறேன்.

குறுக்கு விசாரணை நாளன்று அவள் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கும் வரவில்லை. சம்மன் போன வீட்டில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனார்கள் என்று ஊரில் சொல்ல ஆளில்லை, அல்லது சொல்ல மனமில்லை. குறுக்கு விசாரணை செய்யப்படாத சாட்சியத்தை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு ஐயா தீர்ப்பு எழுதினார். எதிரி விடுதலை. தீர்ப்பு சொன்ன அன்று மேஜையில் ஒரு தட்டுச் சத்தமும் கேட்கவில்லை என்று சந்தானம் சார் வந்து சொன்னார். புள்ளி, அடுத்த வரி என்று வாயாலேயே சொன்னாராம்.

அதற்கப்புறம் ஒரு நாள், மதிய நேரம், நகல் பிரிவு ஜன்னலில் அவளுடைய அப்பா வந்து நின்றார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். தீர்ப்பு நகல் வேண்டும் என்றார். பாதிக்கப்பட்ட தரப்புக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும், நான் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் போல, விரல் வரிகளின் மேல் மெதுவாக நகர்ந்தது.

“எம்பொண்ணு பேரு எங்கியும் காணோமேங்க?” என்றார்.

“போடக் கூடாதுங்க. சட்டம் அப்புடி. முதல் சாட்சின்னு இருக்கு பாருங்க, அது அவதான்.”

“சரிங்க. போடாம இருந்தா நல்லதுதாங்க” என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே நல்லது என்றுதான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அன்னைக்கு அந்தப் பேரை அடிச்சு அனுப்புனது நான்தாங்க” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அரசாங்க வேலையில் இருக்கிறவள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழக்கூடாது, ஆனாலும் அழுதேன்.

அவர் நகலை மடித்தார். “தெரியுங்கம்மா” என்றார். “அவதான் சொன்னா. அவ சொல்றப்ப நீங்க கம்ப்யூட்டரைப் பாக்கவே இல்லையாம். அவ மொவத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்களாம். அந்த ஒரு மொவம் பாத்துக்கிட்டு இருந்ததாலதான் வாயைத் தொறக்க முடிஞ்சுதுன்னா. இல்லாட்டி பேரையே சொல்லியிருக்க மாட்டேன்னா.”

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். எங்கே இருக்கிறாள் என்று கேட்டதாக ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை. நகல் பெற்றதற்குப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதை அவர் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். பெயர், ஊர் என்று இருக்கிற கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனாவை நிறுத்திக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு பேரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பிக்கு அருகில் குனிந்து, “இதை வேற யாரும் பாக்க மாட்டாங்கள்லங்க?” என்று கேட்டார்.

மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.